மடங்காதுன்னு சொன்ன கை

என் வலது கை வெந்துபோன நாள்ல இருந்து ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

என் பேர் ஜெசிந்தா. மும்பை தாராவியில குடியிருக்கோம். செம்பூர்ல ஒரு அண்ணாச்சியோட கேரேஜ்ல நான் மெக்கானிக். அங்க பொம்பளை நான் ஒருத்திதான். எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட் பைப் சில வண்டியில எஞ்சினுக்குப் பின்னால ஒட்டினாப்ல போகும். அந்த ஜாயின்ட்டைக் கழட்டணும்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. ஆம்பளைங்க கை அந்த இடுக்குல நுழையாது.

போன மழைக்காலத்துல ஒரு வேன் வந்துச்சு. ஆறட்டும்னு காத்திருந்துதான் கை வச்சேன். மேல தொட்டா ஆறின மாதிரிதான் இருந்துச்சு. உள்ள பிரஷர் அப்படியே நின்னிருக்கு. பைப்பைக் கவ்விப் பிடிச்சிருக்கிற கிளிப்பை இழுத்ததும் பைப் தெறிச்சு, கொதிக்கிற தண்ணி முழங்கை வரைக்கும் ஊத்திடுச்சு. இடுக்குல இருந்த கையைச் சட்டுன்னு வெளியே எடுக்கக்கூட முடியல.

புண் ஆறிச்சு. விரல் மடங்கல. சோறு பிசைய முடியல. மகளுக்குச் சடை பின்ன முடியல. "பயிற்சி செய்ங்க. ஆனா கை பழையபடி மடங்காது. ஸ்பேனர் பிடிக்கிற பலம் திரும்ப வரும்னும் என்னால சொல்ல முடியாது"ன்னாங்க டாக்டரம்மா.

சபையில இருந்து வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒரு அக்கா சொன்னது அதைவிட வலிச்சுது. "இது கர்த்தருடைய சித்தம் ஜெசி. பொம்பளைக்கு ஏத்த வேலையா அவர் குடுப்பார். ஏத்துக்கிடு."

"என் கையை வேக வச்சது கொதிதண்ணி அக்கா. அந்தப் பழியை அவர் மேல போடாதீங்க"ன்னேன். நான் சொன்னதை இன்னைக்கும் வாபஸ் வாங்கல.

அவங்க போனதும் முழங்கால் போட்டேன். அது அழகான ஜெபம் இல்ல. சண்டை. "ஆண்டவரே, இந்த வேலையைக் குடுத்தது நீர். எடுக்கிறதா இருந்தா நீரே வந்து எங்கிட்ட சொல்லும். அதுவரைக்கும் நான் விட மாட்டேன்."

தினமும் அதேதான். ரப்பர் பந்தை அமுக்கிக்கிட்டே ஜெபிப்பேன். பாதி ஜெபம், பாதி முனகல். என் வீட்டுக்காரர் முதல்ல "போதும் ஜெசி"ன்னார். அப்புறம் அவரே பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு விரலா மடக்கிவிட ஆரம்பிச்சார்.

ஒருநாள் காலையில காபி டம்ளரைப் பிடிச்சேன். நழுவல. கீழே வைக்க மனசு வராம, ஆறிப்போன பிறகும் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்.

கொஞ்ச நாள் கழிச்சு கேரேஜுக்குப் போனேன். "சும்மா உக்காந்து பில் போடு தாயி"ன்னார் அண்ணாச்சி.

"உக்கார வரல அண்ணாச்சி"ன்னேன்.

அங்க ஒரு கார் நின்னுச்சு. அதே மாதிரி பின்பக்க ஜாயின்ட். கூலன்ட் காஞ்சு கல்லு மாதிரி பிடிச்சிருந்துச்சு. எஞ்சினையே இறக்கலாம்னு பேசிக்கிட்டிருந்தாங்க. நான் முதல்ல ரேடியேட்டர் மூடியைத் திறந்து, பிரஷர் இல்லைன்னு பாத்துக்கிட்டேன். ஜாயின்ட்ல ஆயிலை அடிச்சு ஊற விட்டேன். கையை உள்ள விட்டதும் அந்தப் பழைய சூடு ஞாபகம் வந்துடுச்சு. உடம்பு எதையும் மறக்கல. "இயேசுவே, இயேசுவே"ன்னுக்கிட்டே கிளிப்பை இழுத்தேன். அசையல. கை மரத்துப்போய் வெளியே எடுத்தேன்.

"விட்ருமா"ன்னார் அண்ணாச்சி.

திரும்பக் கையை விட்டேன். இந்தத் தடவை இழுக்கல. பைப்பை முதல்ல உள்ள தள்ளினேன். இப்படியும் அப்படியும் லேசா திருகினேன். பிடி இளகினது விரல்ல தெரிஞ்சுது. அப்புறம் கிளிப்பை எடுத்து இழுத்தேன். பைப் கையோட வந்துடுச்சு. உள்ள மிச்சமிருந்த தண்ணி தழும்பு மேல வழிஞ்சுது. சில்லுன்னு இருந்துச்சு. கார் மேல தலையைச் சாய்ச்சு அழுதேன். அண்ணாச்சி தன் தோள்ல கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

ரெண்டு விரல் இன்னும் முழுசா மடங்காது. அதுக்கும் ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். இப்பல்லாம் நோயாளிங்க வீட்டுக்கு ஜெபிக்கப் போனா, ஏத்துக்கோங்கன்னு நான் சொல்றதில்ல. கூட உக்காந்து அவங்களுக்காக அவர்கிட்ட கேக்கிறேன்.

இத்தோட விட்டுடுன்னு உங்ககிட்டயும் யாராவது சொல்லியிருக்கலாம். விடாதீங்க. கோவம் இருந்தா கோவத்தோடயே அவர்கிட்ட போங்க. நான் அப்படித்தான் போனேன், அவர் என்னைத் தள்ளிவிடல. அவருக்கே நன்றி. நாளைக்கும் எனக்கு கேரேஜ்ல வேலை இருக்கு.