கண்ணாயி தேர்ந்து கொடுத்த நாற்காலி

மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் ஊரில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், முகூர்த்த நாள் பார்ப்பதற்கு முன்பே கண்ணாயியைப் பார்க்கப் போவார்கள். சீர்ச் சாமான்களை அவள்தான் தேர்ந்து தர வேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு மலைக்குக் கீழே பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்குவார்கள். நடைதான். அந்தக் காலத்தில் மலைக்கு ரோடு கிடையாது.

ஒரு செம்பைக் கையில் எடுத்தால் அதில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பார்ப்பாள். தண்ணீர் விளிம்பை விட்டுத் தனியே விழ வேண்டும். கழுத்தோடு வழிந்து கையை நனைத்தால், எத்தனை பளபளப்பான செம்பானாலும் கீழே வைத்துவிடுவாள். அடுத்து, அந்தச் சாமான் போய்ச் சேரப்போகிற வீட்டை நினைத்துப் பார்ப்பாள். இடக்கைப் பழக்கமுள்ள பெண்ணுக்கு, இடக்கைக்குத் தோதாகக் கருக்கு வெட்டச் சொல்லி அரிவாள் வாங்கிக் கொடுத்தாள். கண் தெரியாத மாமியார் இருந்த வீட்டுக்கு, கழுத்தில் வரி ஓடிய எண்ணெய்ச் செம்பு எடுத்தாள். தடவிப் பார்த்தே தண்ணீர்ச் செம்பிலிருந்து பிரித்துவிடலாம். இருட்டான வீட்டுக்கு அகலமான பித்தளைத் தட்டு; விளக்குக்குப் பின்னால் சாய்த்து வைத்தால் வெளிச்சம் கூடும். விலை கூடிய சாமான்களை அவள் தேடியதில்லை. நூறு பேருக்குப் பிடிக்கிற சாமானை அந்த ஒரு வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்குத் தெரியும்.

அவள் புருசன் செங்கோடன். சாமையும் கேழ்வரகும் போட்டுப் பிழைத்தவன், கொஞ்சம் மிளகுக் கொடியும் வைத்திருந்தான். ஊர்ப்பாயில் அவனுக்கு இடம் இருந்தது.

ஊர்ப்பாய் என்பது நீளமான கோரைப்பாய். எங்கள் ஊரில் வழக்குப் பேசவும், விதைப்பு நாள் குறிக்கவும் பெரியவர்கள் அதில்தான் உட்காருவார்கள். ஊர்க்கவுண்டரும் அதே பாயில்தான் உட்கார வேண்டும், தனி ஆசனம் கிடையாது. பாயில் இடமுள்ளவன் செத்தால், அந்தப் பாயைத் தூக்கிக்கொண்டு போய் அவன் வாசலில் விரித்து, எல்லோரும் அதில் உட்கார்ந்து எழுந்த பிறகே பிணத்தை எடுப்பார்கள். மற்ற நாட்களில் அது ஊர்க்கவுண்டர் குழந்தைசாமியின் வீட்டில் இருந்தது; பாய் கூடுவதும் அந்த வீட்டுக்குள்தான். அந்த வீட்டு அடுப்புக்கு மேலே, புகை படுகிற பரணில்தான் ஊர் விதையும் இருந்தது.

பிரஜோத்பத்தி வருஷம் தை மாதம் குழந்தைசாமிக் கவுண்டர் மகளுக்குக் கல்யாணம். பெண் வாழ்க்கைப்பட்டது மலையின் இன்னொரு நாடான எடப்புளி நாட்டில், ஊற்று தொலைவில் உள்ள ஓர் ஊருக்கு. கண்ணாயி ஒரு சுரைக்குடுக்கை கொண்டுபோனாள். பிஞ்சிலேயே கழுத்தில் நார் கட்டி இடுப்பில் படியும்படி வளைத்து, முற்றியதும் குடைந்து, ஒரு மழைக்காலம் முழுக்க அடுப்புப் புகையில் தொங்கவிட்டு, ஆமணக்கெண்ணெய் பூசித் தேய்த்தது. கருங்காலி போல மின்னியது. ஏறி இறங்கித் தண்ணீர் கொண்டுவருகிறவளுக்குக் கனக்காது, வெயிலிலும் தண்ணீர் குளிர்ந்திருக்கும்.

கவுண்டர் அதைத் தூக்கிச் சபைக்குக் காட்டினார்.

"ஏங் கண்ணாயி, எம் மக புருசன் ஊட்டுக்குப் போறாளா, பிச்சைக்குப் போறாளா?"

பந்தலே சிரித்தது. அவர் அதை எருமை மேய்ப்பவனிடம் வீசி, "எருமைக்கு மருந்து ஊத்த வெச்சுக்கடா" என்றார்.

செங்கோடன் பந்தலில் விரித்திருந்த ஊர்ப்பாயிலிருந்து எழுந்தான். "சாமான் புடிக்கலீன்னா திருப்பிக் குடுங்க மாமா. எம் பொண்டாட்டிய ஏனுங்க சபையில இழுக்கறீங்க?"

"எம் பாயில உக்காந்துக்கிட்டு என்னையே கேக்கறயா? எந்திரிச்சவன் எந்திரிச்ச மாதிரியே அப்பால போ. இனி இதுல உனக்கு எடமில்ல."

பாயில் இருந்த ஒருவரும் அவனுக்காக எழவில்லை. அடுத்த மழையில் செங்கோடன் குளிர்காய்ச்சலில் செத்தான். கண்ணாயி பிணத்தை வாசலில் கிடத்திவிட்டுப் பாய்க்காகக் காத்திருந்தாள். பொழுது சாய்கிறவரை வரவில்லை. வெறும் வாசலிலிருந்தே எடுத்துக்கொண்டு போனார்கள். கண்ணாயி தலை நனைத்துவிட்டு வந்து நாத்தனாரிடம், "அந்தப் பாய் அந்த ஊட்டுல இருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு ஆள்பலம் இல்லை, பிள்ளைகளும் இல்லை. சாமான் பார்க்கிற கண் ஒன்றுதான் இருந்தது. சந்தையில் செம்பைப் பார்க்கிற மாதிரி அவள் குழந்தைசாமிக் கவுண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள். அவரிடம் ஒரு குணம் இருந்தது. புதிதாக ஒன்று கைக்கு வந்தால் பழையது அவர் கண்ணை உறுத்தும். பூண் போட்ட கைத்தடி வாங்கிய மாதமே, அதற்குப் பொருந்தவில்லை என்று நல்ல கம்பளியை எறிந்தவர் அவர்.

மூன்று வருஷம் கழித்து, பவ வருஷத்தில், கீழ்நாட்டில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குப் போனபோது அவருடைய பங்களாச் சாமான்களைப் பேளுக்குறிச்சிப் பாத்திரக்கடை நாச்சிமுத்து வாங்கிப் போட்டிருந்தார். அதில் ஒரு நாற்காலி. ஊரில் சிலர் அதைத் தேக்கு என்பார்கள். தேக்கல்ல, தோதகத்தி என்கிற ஈட்டி மரம். பிரம்பு பின்னிய இருக்கை, சாய்ந்தால் முதுகைத் தாங்கும் வளைவு, கை வைக்க அகலப் பலகை. ஆணி ஒன்றுகூட வெளியில் தெரியாது. கண்ணாயி அதைச் சுற்றி வந்தாள், கவிழ்த்துப் பார்த்தாள், உட்கார்ந்து எழுந்தாள்.

"உங்கூட்டுக்குங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"ஆகாதவங்க ஊட்டுக்குங்க."

"ஆகாதவங்களுக்கா இத்தன நல்ல சாமானு?"

"நல்லதாத்தானுங்க இருக்கோணும். மட்டமா இருந்தா எடுத்து எறிஞ்சிருவாங்க. இத எறிய மனசு வராது பாருங்க."

நாச்சிமுத்து சிரித்தார். "அம்மிணி, உங்ககிட்ட மாட்டுனவன் பாவமுங்க."

அந்த வருஷத்து மிளகு முழுவதும் அதற்குப் போயிற்று. கவுண்டரின் பேரனுக்குக் காதுகுத்து நடந்த அன்று, ஆள் வைத்துத் தூக்கிவந்து பந்தலில் இறக்கினாள். எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்று பார்த்தார்கள்.

"பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க மாமா. ஊருக்குப் பெரியவங்க தரையில உக்காரலாமுங்களா?"

கவுண்டர் அதன் கைப்பலகையைத் தடவினார். "கண்ணுன்னா உங் கண்ணுதான் கண்ணாயி" என்றார். அவள் பணிந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நாற்காலி வீட்டு வாசற்படியில் நுழையவில்லை. எங்கள் மலை வீடுகளுக்கு நிலை தாழ்வாகத்தான் இருக்கும், யாராக இருந்தாலும் குனிந்துதான் போக வேண்டும். சில நாள் நாற்காலி தாழ்வாரத்தில் பனியில் நனைந்தது. கவுண்டருக்குப் பொறுக்கவில்லை, கண்ணாயியைக் கூப்பிட்டனுப்பினார்.

"நாற்காலியில ஒரு கொறையும் இல்லீங்க மாமா. நெலையத்தான் கொஞ்சம் ஒசத்தோணும்" என்றாள்.

நிலையை உயர்த்தினார்கள். கூடவே வெளிச்சம் உள்ளே வந்தது. அதுவரை இருட்டில் தெரியாத சுவர்க் கரியெல்லாம் தெரிந்தது. அந்தச் சுவருக்கு முன்னால் நாற்காலி இருப்பது, புதுப்பெண் கரிமூட்டைமேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று கவுண்டரே சொன்னார். சுண்ணாம்பு அடிக்கலாமா என்று கண்ணாயியிடம் கேட்டார். "அடிச்சா எடுப்பா இருக்குமுங்க" என்றாள். கீழேயிருந்து சுண்ணாம்பு வந்தது.

அதன் பிறகு பாய் கூடினபோதெல்லாம் ஏதாவது ஒரு கூத்து நடந்தது. பெரியவர்கள் சுவரில் சாய்ந்தே பழகியவர்கள். எழுந்து போகும்போது கறுப்புக் கம்பளியெல்லாம் வெள்ளை. "எங்கூட்டு எருமை என்னக் கொக்குன்னு நெனச்சுக்கிட்டு முதுகக் காட்டுது" என்று பாயில் கவுண்டருக்கு அடுத்த மூத்தவரான அர்த்தனாரி சொல்ல, பாய் முழுவதும் சிரித்தது. கவுண்டர் சிரிக்கவில்லை. "சுவத்துல சாயாதீங்கப்பா" என்றார். அடுத்த முறை, வெற்றிலை போட்டவர்களை எழுந்து வெளியே போய்த் துப்பச் சொன்னார். அதற்குள் அவர் பாயில் உட்காருவதையும் விட்டிருந்தார்.

"வழக்குச் சொல்ல வந்தா அவரு மூஞ்சி தெரிய மாட்டேங்குது, காலு ரெண்டுந்தான் தெரியுது" என்று அர்த்தனாரி வெளியே வந்து முணுமுணுத்தார்.

மீதி இருந்தது அடுப்பு. அடித்த சுண்ணாம்பு ஒரு பருவத்துக்குள் பழுப்பேறியது. கவுண்டர் மறுபடியும் கண்ணாயியைக் கூப்பிட்டார். இந்த முறை அவள் சுவரைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், பரணைப் பார்த்தாள்.

"பொகை இருக்கற வரைக்கும் வெள்ளை நிக்காதுங்க மாமா."

"அப்போ அடுப்பப் பின்னால கொட்டாய்க்கு மாத்திப்புடலாமா?"

"உங்க இஷ்டமுங்க."

கவுண்டர் மனைவி அத்தாயி குறுக்கே வந்தாள். "அடுப்ப வெளிய போட்டா பரண்ல இருக்கற ஊர் வெத எப்படிப் பொழைக்கும்? பொகையில்லாத வெத முளைக்குமா?"

"வெள்ளைக்காரன் பரணுக்குக் கீழயா அடுப்பு வெச்சிருக்கான்? சும்மா இரு."

அன்று ஊற்றில் தண்ணீர் மொள்ளும்போது அத்தாயி கண்ணாயியைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்ன பண்றீன்னு எனக்குத் தெரியுது."

"தெரிஞ்சா அவருகிட்டச் சொல்லுங்களேன் அத்தை."

"என்னன்னு சொல்றது? நீ கெட்டது ஒன்னும் சொல்லலியே. சொன்னதெல்லாம் நல்லாத்தான் இருக்குது." அத்தாயி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "ஊர் வெதடி. ஒரு ஊட்டு வயிறு மட்டுமில்ல."

"எம் புருசன் கெடந்த அன்னிக்கு வாசல்ல நின்னது நான் ஒருத்திதான். அன்னிக்கு ஊரு எங்க போயிருந்துச்சு?"

அத்தாயி குடத்தோடு மேட்டில் ஏறினாள். அடுப்பு கொட்டகைக்குப் போயிற்று.

அந்த மார்கழியில் பாய் கூடினவர்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு சீக்கிரமே எழுந்து போனார்கள். பங்குனியில் விதைப்பு நாள் குறித்துப் பரணிலிருந்து விதைக் கூடைகளை இறக்கினார்கள். மேல்கூடை பரவாயில்லை. அடியில் இருந்ததெல்லாம் பூசணம் பிடித்திருந்தது. அர்த்தனாரி ஒரு கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். மணியைக் காணோம். வெறும் தவிடும் வண்டும் உதிர்ந்தன.

அவர் எல்லோரையும் பாயை விட்டு எழுந்திருக்கச் சொன்னார். பாயைச் சுருட்டித் தம் தோளில் வைத்துக்கொண்டார்.

"பாய எங்க எடுத்துக்கிட்டுப் போற?" என்றார் கவுண்டர், நாற்காலியில் இருந்தபடியே.

"அடுப்பு எரியற ஊட்டுக்குங்க" என்றார் அர்த்தனாரி. உயர்த்தின நிலையில் அவர் பழக்கத்தில் குனிந்தே வெளியேறினார்.

எடப்புளி நாட்டுக்குப் போய் விதை கேட்டு வாங்கி வந்தார்கள். எங்கள் ஊர் இன்னொரு நாட்டில் கை நீட்டியது அதுவே முதல் தடவை. அங்கே கேட்ட கேலிப் பேச்சைப் பெரியவர்கள் நெடுநாள் சொல்லிச் சொல்லி வருந்தினார்கள். கண்ணாயியின் பரணில் நல்ல விதை இருந்தது, அவள் கொல்லைக்குப் போக மிச்சமும் இருந்தது. ஊருக்குத் தருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை, நியாயப்படுத்தவும் விரும்பவில்லை.

பாய் போன மறுநாள் கவுண்டர் கண்ணாயியைக் கூப்பிட்டனுப்பினார். அப்போதும் அவருக்கு விளங்கவில்லை. வெள்ளைச் சுவர், நல்ல வெளிச்சம், நடுவில் நாற்காலி, அதில் அவர்.

"நீ சொன்ன மாதிரிதானே கண்ணு எல்லாம் பண்ணுனேன். எங்க தப்புப் போச்சு?"

கண்ணாயி வீட்டைச் சுற்றிலும் பார்த்தாள். சந்தையில் எடுத்த சாமானை நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பாளே, அது போல.

"தப்பே இல்லீங்க மாமா. இந்த ஊட்டுக்கு அந்தப் பாய் ஒன்னுதான் பொருந்தாம இருந்துச்சு. அதும் போயிருச்சு."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாற்காலியின் கைப்பலகைகளைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். எழவில்லை. அத்தாயி கொட்டகை வாசலில் நின்று இதைக் கேட்டிருக்கிறாள். அவள் சொல்லித்தான் பிற்பாடு ஊருக்குத் தெரிந்தது.

கண்ணாயிமேல் ஊருக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் அடுத்த கல்யாணத்துக்கு அவளைத்தான் சந்தைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரே ஒரு வித்தியாசம், அவள் தேர்ந்து கொடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்த பிறகு, இது எதற்காக என்று ஒரு தடவை யோசித்தார்கள்.

சில வருஷம் கழித்து, விக்ரம வருஷம் ஐப்பசியில், குழந்தைசாமிக் கவுண்டர் செத்தார். பாய் போன நாளிலிருந்து அவருக்கு அதில் இடமில்லை, அப்படியேதான் செத்தார். ஆனால் அர்த்தனாரி, "செங்கோடனுக்கு நாம ஒருமுறை செஞ்ச தப்பே போதும்" என்று சொல்லிப் பாயை அனுப்பச் சொன்னார். இரண்டு பேர் அதை ஆளுக்கொரு முனையாகத் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள்.

கண்ணாயி காட்டு வழியில் நின்றாள். ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் அவளுடைய சாமைக் கொல்லை. கதிர் முற்றி அறுப்புக்கு நின்றது.

"எங்க போகுது?"

"தெரிஞ்சேதான் கேக்கறீங்களா? வழி உடுங்க அத்தை."

"எம் புருசனுக்கு வராத பாய் இவருக்கு ஏன் போகுது?"

இருவரும் திரும்பி, பின்னால் வந்த அர்த்தனாரியைப் பார்த்தார்கள். அவள் நகரவில்லை. பாயைத் தூக்கியவர்கள் சாமைக் கொல்லைக்குள் இறங்கி, முற்றின கதிரை மிதித்துக்கொண்டு, அவளைச் சுற்றிப் போனார்கள்.