பிராசஸர வெச்சது யார் கை?

இல்லண்ணா, நான் அவசரக்காரி இல்ல. எனக்குக் கை நடுக்கமும் இல்ல, வேலை செய்யறப்ப போன் நோண்டற பழக்கமும் இல்ல. உங்க விஜயநகர் கஸ்டமருங்க இருக்கற லேஅவுட் வாட்ஸப் குரூப்புல நீங்க என்னப் பத்தி எழுதின மூணுக்கும் பதில் சொல்லியாச்சு. புது கம்ப்யூட்டர் ஆன் ஆகலன்னா கடைசியாத் தொட்டவங்க தலையிலதான் விழும், இந்தத் தொழிலோட லட்சணமே அதான். ஆனா மொதல்ல தொட்டது நீங்க. அத மட்டும் ஏன் எழுதாம விட்டீங்க?

என்ன மாதிரியே வீடு வீடா ஸ்க்ரூ டிரைவரத் தூக்கிட்டுப் போய் திட்டு வாங்கற ஆளுங்களுக்காக நடந்தத வரிசையா சொல்றேன். நான் மைசூர்ல பிசிஏ கடைசி வருஷம். தேவராஜ மொஹல்லாவுல மாடி மேல இருக்கற மாதேஷண்ணா கடையில ரெண்டு வருஷமா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றேன். மாதேஷண்ணா, எங்க அப்பாவும் நீங்களும் ராமாபுரம் பக்கத்து ஊர்க்காரங்கங்கற ஒரே காரணத்துக்காகச் சேத்துக்கிட்டீங்க. சரிதானேண்ணா?

பத்தரைக்குள்ள

எங்க கடையில ஒரு வழக்கம். புது மெஷின்ல ராம், ஃபேன், ஒயரிங், ஸ்க்ரூ எல்லாம் நான். பிராசஸர மட்டும் ஓனர் வெப்பார். சாமி படத்துக்கு முன்னாடி மதர்போர்ட வெச்சு, ஊதுபத்தி சுத்தி, கஸ்டமர் பாக்கப் பாக்க வெப்பார். நாம கைராசின்னு சொல்றத இங்க கைகுணாம்பாங்க. அந்தக் கைகுணாவுக்காகவே விஜயநகர்லருந்து ஆட்டோ புடிச்சு வர்றவங்க உண்டு.

ஜெயா டீச்சர் அப்படி வந்தவங்கதான். ரிடையர் ஆனவங்க, வீட்லருந்தே ஆன்லைன்ல கணக்கு டியூஷன் எடுக்க மெஷின் வேணும். அன்னைக்கு வெள்ளிக்கெழமை, பத்தரைக்கு ராகுகாலம். அவங்க படியேறி வர்றப்ப பத்து இருபத்தஞ்சு. நீங்க தோளுக்கும் காதுக்கும் நடுவுல போன இடுக்கிக்கிட்டே பிராசஸர எடுத்தீங்க. பிராசஸர் உக்கார்ற சாக்கெட்டுக்குள்ள முடி மாதிரி ஆயிரத்துச் சொச்சம் கம்பி இருக்கு, தூசு பட்டாலே பயப்படணும். பிராசஸர் உங்க விரல்லருந்து நழுவி அதுமேல கோணலா விழுந்துச்சு. எடுத்துப் பாக்கல. அங்கயே விரலால தள்ளி நேராக்கி லீவர அழுத்திட்டீங்க. "அண்ணா, ஒரு தடவ எடுத்துப் பாத்துரலாம்"னு சொன்னேன். டீச்சர் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டிருந்தாங்க. வீடியோவ நிறுத்தாமயே என்ன மொறைச்சாங்க.

"நல்ல காரியம் நடக்கறப்ப குறுக்க பேசக் கூடாதும்மா!"

லைட்டு எரியுதே

மொதல் சுவிட்ச கஸ்டமர் வீட்லதான் போடணும்ங்கறதும் உங்க வழக்கம்தான். அதனால கடையில டெஸ்ட் பண்ண விடல. சனிக்கெழமை காலைல நான் கொண்டு போய் எறக்கினேன். டீச்சர் கேபினட்டுக்கு மஞ்ச குங்குமம் வெச்சு, பூ வெச்சு, கையத் தொடச்சுக்கிட்டு பட்டன அமுத்தினாங்க. ஃபேன் சுத்துச்சு. லைட்டெல்லாம் செவப்பு, நீலம், பச்சைன்னு ஓடுச்சு. ஸ்க்ரீன் மட்டும் கறுப்பு.

நம்ம ஆளுங்களுக்குத் தெரியும், ஒண்ணுமே ஓடாத மெஷினாவது பரவால்ல, கெட்டுப்போச்சுன்னா நம்புவாங்க. ஃபேன் சுத்தற மெஷின்தான் உயிர எடுக்கும். கேபிள மாத்தினேன். பக்கத்து வீட்லருந்து வேற மானிட்டர் வாங்கிட்டு வந்து பாத்தேன். ராம ஒண்ணொண்ணா கழட்டி ஸ்லாட் மாத்திச் சொருகினேன். பவர் ஒயரெல்லாம் உருவித் திரும்பப் போட்டேன். போர்டோட மூலையில சின்னதா ஒரு செவப்பு லைட் மட்டும் அணையவே இல்ல. அது பிராசஸர் பக்கம் கோளாறுன்னு சொல்ற லைட்டு. ரெண்டு மணி நேரம் ஆச்சு. திங்கக்கெழமை கிளாஸ் ஆரம்பிக்கணும்னு டீச்சர் மூணு தடவ சொல்லிட்டாங்க.

"இவ்ளோ லைட்டு எரியுதே, நீதான் எங்கயோ தப்பா சொருகிட்ட. நிதானமே இல்ல உனக்கு."

டைனிங் டேபிள் மேல

வேற வழி இல்லாம போர்ட வெளிய எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேலயே வெச்சு, பிராசஸர் மேல இருக்கற கூலர் ஃபேனக் கழட்டி, பிராசஸரத் தூக்கினேன். டார்ச் அடிச்சுப் பாத்தா ஒரு மூலையில அஞ்சாறு கம்பி சீப்பால வாரி விட்ட மாதிரி ஒரே பக்கமாப் படுத்துக் கெடக்குது. போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். ரெண்டு டிக்கும் நீலமாச்சு. பதில் வரல.

டீச்சர் கண்ணாடியப் போட்டுக்கிட்டு நல்லாக் குனிஞ்சு பாத்தாங்க. வளைஞ்சிருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க. கடையில நழுவினத ஞாபகப்படுத்தினேன். அவங்க மொகமே மாறிப் போச்சு. பஸ்ல திரும்பி வர்றப்ப, ஒருவேள கழட்டறப்ப நாமதான் வளைச்சிட்டமோன்னு என் விரலையே பாத்துக்கிட்டு வந்தேன். எம்மேல எனக்கே சந்தேகம் வர்ற மாதிரி டீச்சர் பேசியிருந்தாங்க.

"மாதேஷ் கை பட்ட எடம் அப்படி ஆகாது, நீ இப்ப தொறந்தியே, அப்பதான் ஆயிருக்கும்."

அந்தப் படிக்கட்டு

ஞாயித்துக்கெழமை காலைல குரூப்புல உங்க மெசேஜ். பாவம் டீச்சர், புது போர்டு இலவசமா மாத்தித் தர்றீங்களாம். இனிமே அந்தப் பொண்ண எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டீங்களாம். கீழ வரிசையா கும்பிடற கை எமோஜி. ஒருத்தராவது என்ன ஒரு வார்த்த கேக்கணுமே!

நான் நேரா கடைக்குப் போனேன். நீங்க இல்ல. பில் போடற நாகு அண்ணன் இருந்தார். வெள்ளிக்கெழமை சாமி படத்துக்குப் பக்கத்துல தீப்பெட்டியோட நின்னவர் அவர்தான். பிராசஸர் நழுவறப்ப "அய்யோ"ன்னதும் அவர்தான். ஓனர்கிட்ட பாத்தத மட்டும் சொல்லுங்கண்ணான்னு கேட்டேன். கண்ணாடி ஷோகேஸ தொடைச்சுக்கிட்டே இருந்தார். சுத்தமாத்தான் இருந்துச்சு, ஆனாலும் தொடைச்சார்.

"உனக்குப் படிப்பு இருக்கு, வேற கடை கெடைக்கும். எனக்கு இந்தப் படிக்கட்டு ஒண்ணுதாம்மா."

அம்மா வேலை செய்யற வீடு

இது உங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கல, தெரிஞ்சேதான் எழுதினீங்க. எங்கம்மா டீச்சர் இருக்கற அந்த லேஅவுட்லதான் மூணு வீட்ல சமைக்கறாங்க. குரூப்புல என் பேரப் போட்டது பத்தாதுன்னு இன்னார் பொண்ணுன்னும் போட்டீங்க.

திங்கக்கெழமை அம்மா வேலைய முடிச்சுட்டு வந்தாங்க. பைய வெச்சாங்க, மொகத்தக் கழுவினாங்க, திரும்பவும் கழுவினாங்க. நான் வற்புறுத்திக் கேட்டப்பறந்தான் சொன்னாங்க. சாம்பார் கொதிச்சுக்கிட்டிருக்கறப்ப அந்த வீட்டம்மா பீரோ இருக்கற ரூம சாத்திட்டு வந்து கேட்டாங்களாம்.

"ஏம்மா, டீச்சர் கம்ப்யூட்டர ஒடச்சிட்டு மறைச்சது உம்பொண்ணாமே?"

வீடியோ

ஒடச்சதோட நிக்கல, மறைச்சதும் சேந்துக்கிச்சு. அன்னைக்கே டீச்சர் வீட்டுக்குப் போனேன். புது போர்டுல மெஷின் ஜோரா ஓடுது. உள்ள கூப்டாங்க, தண்ணி குடுத்தாங்க. சண்ட போட வரல, அந்த வீடியோவ மட்டும் பாக்கலாம்னு சொன்னேன். போன எடுத்தாங்க.

ரெண்டு பேரும் பாத்தோம். நாகு அண்ணன் தீப்பெட்டி தெரியுது. உங்க தோள்ல போன் தெரியுது. பிராசஸர் நழுவறது தெரியுது, விரலால தள்றது தெரியுது, என் கொரல் கேக்குது. டீச்சர் இன்னொரு தடவ ஓட விட்டாங்க. அப்பறம் போனக் குப்புற வெச்சுட்டாங்க. அத குரூப்புல போடுங்க டீச்சர், எங்கம்மாவுக்காகன்னு கேட்டேன். கெஞ்சித்தான் கேட்டேன், எனக்குக் கெஞ்சிப் பழக்கம் இல்ல. கணக்கு டீச்சர், முப்பது வருஷம் தப்பு ரைட்டு போட்டவங்க. தலையக் குனிஞ்சுக்கிட்டுதான் சொன்னாங்க.

"நல்லாத் தெரியுதும்மா, ஆனா அவர் கைய நானே குத்தம் சொல்லிட்டா, அவர்கிட்ட வாங்கின இந்த மெஷின தெனமும் எப்படித் தொடுவேன்?"

மெஷின் ஓடினா உங்க கை, ஓடலன்னா என் கை, ரெண்டு வருஷத்துல உங்க கடையில நான் கத்துக்கிட்ட மொத்த ஹார்டுவேரும் இவ்வளவுதான்.

இப்ப சொல்லுங்க மாதேஷண்ணா. எனக்குத் தனியா மெசேஜ் அனுப்ப வேண்டாம், அப்பாவக் கூப்ட்டுச் சமாதானம் பேசவும் வேண்டாம். என் பேரையும் எங்கம்மா பேரையும் எந்தக் குரூப்புல எழுதினீங்களோ அதே குரூப்புல, எல்லாரும் படிக்கற மாதிரி எழுதுங்க: வெள்ளிக்கெழமை அந்த சாக்கெட்டுல பிராசஸர வெச்சது உங்க கையா, என் கையா?