இடப்பக்கம் முறுக்கும் மணிக்கூடு

மணிக்கூடு திருத்துகிற தொழிலுக்குக் கண் நல்லாயிருக்க வேணும், கை நடுங்கக்கூடாது என்பார்கள். வாயை அடக்கத் தெரிய வேணும் என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கடை வைத்துச் சனத்தோடு மாரடிக்கிற சக பாவிகளே, இருபது வருடம் பட்டதில் கொஞ்சத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

திருத்துகிற ஆள் எங்கே?

டவுன்டவுனில் நிலத்தடி மெற்றோ ரயிலிலிருந்து ஏறி வருகிற கட்டடத்தில், சப்பாத்துத் தைக்கிறவருக்கும் கோப்பிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது என் கடை. ஓர் ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கும். அப்படியிருந்தும் வருகிறவர்கள் எல்லாரும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள், உள்ளே ஒரு ஆம்பிளை ஒளிந்திருப்பது போல. ஒருநாள் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிற சென்னைக்காரர் ஒருவர் வந்தார். அவர் கண்ணுக்கு முன்னாலேயே மூடியைத் திறந்து, பற்றறி மாற்றி, நொடி பிசகாமல் நேரமும் வைத்துக் கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டார், தலையாட்டினார், பிறகு பவ்வியமாகச் சொன்னார்: "ரொம்ப தேங்க்ஸ் மேடம். சார் வந்தா ஒருவாட்டி செக் பண்ணச் சொல்லுங்க."

பெயர் இல்லாதவர்கள்

பற்றறி மாற்றுவது சோற்றுக்கு. என் ஆசையெல்லாம் பழைய இங்கிலீஷ் பொக்கெற் மணிக்கூடுகளில்தான். வெள்ளிக் கூடு, உள்ளங்கை அளவு, சின்னச் சாவி மாதிரி ஒரு திறப்பைப் போட்டு முறுக்கினால்தான் ஓடும். ஐந்து வருடத்துக்கு முன்பு அப்படி ஒன்றைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார் சிவபாதம் அண்ணை. ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே வந்து ஒரு ரெஸ்ரோறண்டில் முப்பது வருடம் கோப்பை கழுவிவிட்டு, இப்போது ஓய்வெடுத்துப் பக்கத்து லவாலில் மனைவியோடு இருக்கிறார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்கிற ஊரில் யாரோ வீட்டுச் சாமான் விற்ற இடத்தில் வாங்கியதாம்.

உள்ளே செதுக்கியிருந்த பெயரைக் காட்டி, "இவரோ செய்தவர்?" என்று கேட்டார். இல்லை அண்ணை, அது விற்றவனுடைய பெயர் என்றேன். பல்லுச் சில்லு வெட்டினது ஒருத்தன், சுருள்வில் அடித்தது ஒருத்தன், கூடு செய்தது இன்னொருத்தன். சுருளின் இழுப்பைச் சில்லுக்குக் கொண்டுபோக உள்ளே நூல் மாதிரி ஒரு சங்கிலி ஓடுகிறது, நூற்றுக்கணக்கான கண்ணி. பொம்பிளைகளும் சின்னப் பெட்டைகளும் வீட்டில் இருந்து, கண் கெடக் கெட ஒவ்வொன்றாகப் பொருத்தினது. அவர்களில் ஒருவருடைய பெயரும் எங்கேயும் இல்லை. அண்ணை பூதக்கண்ணாடிக்குள்ளால் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் கோப்பை கழுவின கடை வாசலிலையும் முதலாளியின்ரை பேர்தான் கிடந்தது, பிள்ளை."

வாத்தியாருக்குப் பாடம்

அந்த மணிக்கூட்டில் ஒரு பிடிவாதம் உண்டு. உலகத்தில் எல்லாவற்றையும் வலப்பக்கம் திருகுவோம்; இதை இடப்பக்கம் முறுக்க வேணும். மறந்துபோய் வலப்பக்கம் பலவந்தமாகத் திருகினால், உள்ளே பிடித்துக்கொண்டு நிற்கிற குட்டிப் பல்லு உடைந்துவிடும். இதை நான் அண்ணைக்கு மூன்று தரம் சொன்னேன். எனக்கு அப்படித்தான், ஒரு தரம் சொன்னால் ஆறாது. நாலாம் தரம் வாயைத் திறக்கக் கையைக் காட்டி நிறுத்தினார். அதற்குப் பிறகு நாலு வருடம் தினமும் காலமைத் தேத்தண்ணி குடித்த கையோடு அவரே முறுக்கினார், ஒரு பிழையும் வரவில்லை. கையைக் காட்டி நிறுத்தின அன்றைக்கு அவர் சொன்னது: "முப்பத்தஞ்சு பெடியளுக்குக் கேத்திர கணிதம் படிப்பிச்சனான். இடக்கை எது வலக்கை எது எண்டு எனக்குத் தெரியும், போ."

ஆர் முறுக்கினது?

போன மாரிக் குளிரில் மணிக்கூட்டை அவருடைய மனைவி புவனா அக்கா தனியாகக் கொண்டுவந்தார். பல்லு உடைந்திருந்தது. இந்தச் சாமானுக்கு மாற்றுப் பல்லு வாங்க இயலாது, உருக்குத் துண்டை அராவித்தான் செய்ய வேணும். செய்து கொடுத்தேன். மூன்று கிழமையில் திரும்பவும் அதே பல்லு. அதையும் செய்து கொடுத்தேன். ஒரு மாதம் போகவில்லை, திரும்பவும்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்னக்கா இது, விளையாட்டுச் சாமானோ? ஆரோ வலப்பக்கம் முறுக்கினம். பேரப்பிள்ளையளின்ரை கையிலை குடுக்க வேண்டாம் எண்டு அண்ணைக்குச் சொல்லுங்கோ!" என்று கத்திவிட்டேன். சப்பாத்துக் கடைக்காரரே எட்டிப் பார்த்தார். புவனா அக்கா கோபிக்கவில்லை. கையுறையைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார். என் வாயை ஊசி நூலால் தைத்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அக்கா சொன்னார்: "பேரப்பிள்ளையள் ரொறன்ரோவிலை, பிள்ளை. அவர்தான் முறுக்கிறவர். இப்ப என்ரை பேரும் அவருக்கு இடைக்கிடைதான் வருது."

அக்கா கேட்ட வேலை

அண்ணையின் சேர்ட்டுக்குப் பொத்தான் அக்கா பூட்டிவிடுகிறார். சோறு ஊட்டிவிடுகிறார். அண்ணை தானாகச் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான், காலமை மணிக்கூடு முறுக்குவது. அது கையில் இல்லாவிட்டால் மேசை லாச்சிகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடி, கடைசியில் அழுகிறாராம். "எந்தப் பக்கம் முறுக்கினாலும் உடையாமச் செய்து தா," என்றார்.

அதற்கு ஒரு வழிதான் உண்டு. பல்லையும் சங்கிலியையும் கழற்றிவிட்டால் திறப்பு இரண்டு பக்கமும் சும்மா சுற்றும். ஆனால் மணிக்கூடு ஓடாது. ஓடுகிற மணிக்கூட்டைச் சாகடித்துக் கொடுப்பதற்கா இந்தத் தொழிலுக்கு வந்தேன்? மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். முறுக்கின கையோடு காதில் வைத்துப் பார்ப்பவர் அவர், உடனே பிடித்துவிடுவார், பிறகு இரண்டு பேரும் ஏச்சு வாங்க வேண்டிவரும் என்றும் சொன்னேன். அக்காவின் முகத்தில் அப்போதுதான் ஒரு வெளிச்சம் வந்தது. "பிடிச்சு ஏசினாரெண்டா, நான் கோயிலிலை அபிசேகம் செய்விப்பன்."

சனிக்கிழமை

சங்கிலியைக் கழற்றும்போது எனக்குக் கண்ணீர் மறைத்தது, மூன்று தரம் இடுக்கியை வைத்துவிட்டு எழும்பினேன். சனிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணை மெலிந்துபோயிருந்தார், தலை மட்டும் வடிவாக வாரியிருந்தது. மணிக்கூட்டை வாங்கினார், திறப்பைப் போட்டார், வலப்பக்கம் சுற்றினார். அது பாரமே இல்லாமல் சுற்றியது. பிறகு காதில் வைத்தார். ஏசு அண்ணை, ஏசு, என்று எனக்குள்ளே கெஞ்சிக்கொண்டு நின்றேன். அக்கா என் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அண்ணை சிரித்தார். "நல்லா ஓடுது," என்று சொல்லி, மணிக்கூட்டை அக்காவின் காதில் தானே வைத்துப் பிடித்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஓமப்பா, நல்லா ஓடுது."

நான் திருத்திக் கொடுத்தவற்றில் பாதி ஏதோ ஒரு முறைப்பாட்டோடு திரும்பி வந்திருக்கின்றன. என் கையாலேயே ஓடாமல் பண்ணிக் கொடுத்த இந்த ஒன்றைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை.