செம்மறி மூக்கைத் தேடிய ஈ

உச்சிவெயிலில் செம்மறி தும்முகிற சத்தம் ஈரத்துணியைக் கல்லில் அடித்தது போலிருக்கும். வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில், சிறுவனாக ஆடு மேய்த்த, ஆள் அரவமே இல்லாத பகல்களில், எனக்குத் துணையாக இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டியவன் நான். ஆனாலும் இன்று ஏழாயிரம்பண்ணைச் சாலையில் என் பட்டாசுக் கம்பெனியைக் கேட்டால் எந்த வேன் டிரைவரும் வழி சொல்வார். யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை, நானே தேடிக்கொண்டது. ஆடுகளைப் பற்றியும் படித்தவர்களுக்குப் பாடம் எடுக்கிற அளவுக்கு எனக்குத் தெரியும்.

தேனீ அளவில், சாம்பல் நிறத்தில் ஓர் ஈ உண்டு. "மூக்கு ஈ" என்போம். அது ஆட்டின் மேல் உட்காருவதில்லை. பறந்தபடியே மூக்கில் உயிருள்ள குஞ்சுப் புழுக்களைப் பீச்சிவிட்டுப் போய்விடும். அவை மூக்குக்குள் ஏறி, நெற்றி எலும்பின் பொந்துவரை போய், மாதக்கணக்கில் கொழுத்து, பிறகு தும்மலோடு மண்ணில் விழுந்து கூடாகி, ஈயாக எழும். அதற்குப் பயந்துதான் வெயிலேறியதும் ஆடுகள் ஒன்றின் வயிற்றடியில் ஒன்று மூக்கைப் புதைத்து நின்றுவிடும். நான் மட்டும் வெளியே நிற்பேன். முகத்தைப் புதைத்துக்கொள்ள எனக்கு யாரும் இல்லை.

அப்பா நான் தவழும்போதே போய்விட்டார். அம்மா இருட்டோடு வேனேறிப் பட்டாசு வேலைக்குப் போய், விளக்கு வைத்தபின் அலுமினியப் பொடி மின்னும் கையோடு திரும்புவாள். "ஏலே, கிட்ட வராத, அம்மா இன்னும் குளிக்கல" என்று விலகிப் போய், குளித்த பிறகே என் தலையைத் தடவுவாள். அந்தத் தடவலுக்காகத்தான் பகல் முழுவதும் காத்திருப்பேன். தீபாவளி சீசனில் ஒருநாள், அலுப்பில் குளிக்காததை மறந்து, வாசலிலேயே என் முகத்தை வழித்துக் கொஞ்சிவிட்டாள். அன்று பகலில்தான் ஓர் ஈ என் கண்ணில் மோதிவிட்டுப் போயிருந்தது. அதை நான் பெரிதாக எண்ணவில்லை.

விடிந்தபோது கண் சிவந்து வீங்கி நீர் கொட்டியது. பொடி பட்டுக் கண் போனவர்களை அறிந்த ஊர் அது. "எங்கையாலயே எம்பிள்ள கண்ணக் கெடுத்துட்டேனே" என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். "உள்ள என்னமோ ஊருதும்மா" என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. அதன் பிறகு என்னைத் தொடவில்லை. குளித்துவிட்டு வந்தும் தொடவில்லை. சோற்றைத் தட்டில் வைத்துத் தள்ளிவிடுவாள். சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறும்போதுகூட என் கையைப் பக்கத்து வீட்டு அத்தையிடம்தான் பிடிக்கக் கொடுத்தாள்.

டாக்டர் கண்ணில் சொட்டுமருந்து விட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்து, வெள்ளையாக எதையோ எடுத்துக் கறுப்புக் காகிதத்தில் வைத்தார். அது நெளிந்தது.

"பையன் ஆடு மேய்க்கிறானா?"

"ஆமாய்யா."

"ஆட்டு மூக்குன்னு நெனச்சு ஈ இவன் கண்ணுல புழுவ விட்டிருக்கும்மா. மனுசங்க கண்ணுல அது வளராது. பார்வைக்கு ஒண்ணும் ஆகல."

"அப்ப... பொடி இல்லியாய்யா?"

"இல்லம்மா."

"நல்லாப் பாருங்கய்யா. எங்கையில அம்புட்டுப் பொடி இருந்துச்சே."

"பொடி இல்லவே இல்லம்மா."

அத்தை விடுவாளா? "இவன் மூஞ்சி செம்மறி மூஞ்சின்னு நான் சொன்னா கோவிப்பியே! ஈக்கே தெரிஞ்சிருக்கு பாரு."

அம்மா சிரித்தாள், சிரிப்பு அப்படியே அழுகையானது. அத்தனை பேர் பார்க்க, இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றில் புதைத்துக்கொண்டாள்.

அந்தக் கரிசல் முழுக்க இன்று பட்டாசு ஷெட்டுகள், பாதி என்னுடையவை. ஆடுமில்லை, ஈயுமில்லை. வேலை செய்கிற பெண்கள் குளிப்பதற்கென்று கம்பெனியில் அறைகள் கட்டி, கோடையிலும் தண்ணீர் வருவது நிற்காமல் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பக்கம் அதை முதலில் செய்தவன் நான்தான். ஈரத்தலையோடு அவர்கள் பிள்ளைகளிடம் வேனேறிப் போனதும் இடமே வெறிச்சென்று ஆகிவிடும். அம்மா போய் வெகுகாலமாகிறது. என் பிள்ளைகள் சென்னையில். காற்றில் தூசி எழுந்து கண்ணில் விழுந்தால், கேட் பக்கத்துக் குழாயில் நானே கழுவிக்கொண்டு காரில் ஏறுகிறேன்.