மிச்சமிருந்த பரு மாத்திரை

முகப்பருவுக்கு மாத்திரை எழுதும்போதே தோல் மருத்துவர் எச்சரித்தார்: "இதைச் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கவே கூடாது. குழந்தைக்குக் குறை வரும்." எனக்குத் திருமணமே ஆகவில்லை. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன். உதடு வெடித்தாலும் ஆறு மாதத்தில் முகம் தெளிந்தது. ஓர் அட்டை மிச்சமானது.

போலாரத்தில் எங்கள் மாடி வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த கவிதா, பருவுக்கு அதைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

மறுநாள் படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். "இதைச் சாப்பாட்டுக்கப்புறம்தானே போடணும்? பத்து நாள் தள்ளிப் போயிருக்கு, ஒரே வாந்தி. அதான் இன்னும் போடல."

உடனே விஷயத்தைச் சொல்லி அட்டையைத் திரும்ப வாங்கினேன். "கொடுக்கறதுக்கு முன்னாடி இதைச் சொல்ல மாட்டியா?" என்றாள்.

அந்த மருந்தை நான் குறை சொல்லமாட்டேன். என் முகத்தை மீட்டுக் கொடுத்தது அதுதான். ஆனால் இப்போது யார் கேட்டாலும், "மாத்திரை பேரெல்லாம் நக்கோ, வேணவே வேணாம், டாக்டரைப் பாரு" என்றுதான் சொல்கிறேன். முகம் பளபளவென்று ஆனதும் எனக்குத் திமிர் வந்துவிட்டதாம், கேட்டவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஆமாம், வந்துவிட்டது. அந்தத் திமிர் முன்பே இருந்திருந்தால், கவிதா கையில் அந்த அட்டை போயே இருக்காது.