முத்துக்கு வேறு சொல்

தம்பி ராவாங்கிலிருந்து தொலைபேசியில் கேட்டான். "அக்கா, வேற பாஷைங்கள்ல முத்துக்கு என்னா சொல்லுவாங்க? ஸ்டைலா ஒன்னு பாத்துச் சொல்லுங்க லா."

ஏன் கேட்கிறான் என்பது எனக்குப் புரிந்தது. எனக்குப் பின்னும் அவனுக்கு முன்னும் பிறந்த தங்கையின் பெயரில் முத்து இருந்தது. டெங்கிக் காய்ச்சலில் போனபோது அவளுக்கு மணமாகியிருக்கவில்லை. ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில், அம்மா செம்பனைக்கு உரம் போடப் போய்விடும் காலைகளில், தம்பிக்குத் தலை சீவி, சட்டை மாட்டி, பள்ளிக்கு இழுத்துப் போனவள் அவள்தான். மருத்துவமனையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குப் பெண் பிறந்தால் அவள் பெயரைத்தான் வைப்பேன் என்றான். "ஐயோ பாவம்டா அந்தப் புள்ள. கிளாஸ்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க" என்று அந்த நிலையிலும் சிரித்தாள்.

பெண் பிறந்தது. அவன் மாமியார் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "கன்னியா செத்தவ பேரயா இந்தப் புள்ளைக்கு வைக்கறது? வேணாம் மாப்பிள்ளை." தம்பி அவரிடம் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத்தான் அழைத்தான்.

பள்ளி நூலகத்தில் வேலை பார்த்த ஆண்டுகளில் சொற்களின் பூர்வீகத்தைத் தேடிப் படிப்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. மறுபடி தேடினேன். கிரேக்கர்கள் முத்தை மார்கரிதேஸ் என்றார்கள். அதுவும் அவர்களுடைய சொந்தச் சொல் அல்ல, கிழக்கே பாரசீகப் பக்கமிருந்து போனது என்கிறார்கள். லத்தீன் அதை மார்கரீட்டா என்று வாங்கிக்கொண்டது. பழைய ஆங்கிலேயர்கள் புரியாத அச்சொல்லைத் தங்கள் நாவுக்கேற்ப வளைத்து, கடல் மணி என்று பொருள்படும்படி ஆக்கிக்கொண்டார்கள். பிறகு பேச்சு லத்தீனில் வேறொரு சொல் தலையெடுத்தது. பன்றித் தொடையைக் குறித்த பெர்னா, அந்த வடிவிலிருந்த ஒரு சிப்பிக்கும் பெயரானது. இத்தாலியரின் பெர்லாவும் பிரெஞ்சுக்காரரின் பெர்லும் ஆங்கிலத்தின் பேர்லும் அதிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது பலர் கருத்து. பன்றித் தொடைவழி வந்த சொல்லைக்கூட அங்கே பெண் குழந்தைகளுக்குச் சூட்டி மகிழ்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் குறையொன்றுமில்லாத ஒரு சொல், அதைச் சுமந்தவள் சீக்கிரம் இறந்ததால் தீட்டாகிவிட்டது.

தொடையின் கதையைத் தம்பியிடம் சொல்லவில்லை. மார்கரீட்டாவின் கடைசித் துண்டு மட்டும் அங்கே பெண்களுக்குத் தனிப்பெயராக வழங்குவதைச் சொன்னேன். எண்கணிதம் பார்ப்பவர் ஓர் எழுத்தைக் கூட்டச் சொல்லி ஒப்புக்கொண்டார். மாமியாருக்கும் பிடித்துப்போனது.

முப்பதாம் நாள் பெயர் சூட்டும் சடங்கு. குழந்தையின் காதில் பெயரைச் சொல்ல வேண்டியவள் அத்தையாகிய நான். வாசலிலேயே தம்பி என்னை நிறுத்தினான்.

"அர்த்தத்த மட்டும் சொல்லிடாதீங்க அக்கா. பிரச்சனையாயிரும்."

தலையசைத்தேன். எப்படியாவது தங்கை இந்த வீட்டுக்குள் வரட்டும் என்றிருந்தது. தொட்டிலில் குனிந்து, பட்டுப்போன்ற அந்தக் காதில் மூன்று முறை சொன்னேன்.

"என்னாடி இது, பிஸ்கட்டு பேரு மாதிரி இருக்கு!" என்றாள் ஒருத்தி. வீடே சிரித்தது. மாமியார் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்களாச்சே. இதுக்கு என்னாம்மா அர்த்தம்?"

நான் வாய் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "அர்த்தமெல்லாம் ஒன்னுமில்ல அத்தை. சும்மா, கேக்க நல்லாருக்குன்னு வச்சது."

"அப்ப சரி" என்றார் அவர்.

அவன் சிரித்தபடியே பாயாசக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனான். அந்தப் பெயரை இனி அவன் எத்தனை முறை கூப்பிட்டாலும் அதில் என் தங்கை இருக்கமாட்டாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது. மாமியார்மீது எனக்குக் கோபம் இல்லை. பயப்படுவதற்காகவாவது அவர் அவளை நினைவில் வைத்திருந்தார்.