முகம் தெரியாதவர்களுக்கும் அப்பா சொன்ன வணக்கம்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்று எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப் பேரை எனக்கோ அம்மாவுக்கோ முன்பு தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். உங்கள் அனைவரையும் வணங்கி, அவருடைய ஒரே மகளாகிய நான் இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது பண்ருட்டிக்கு அருகே, முந்திரித் தோப்புகள் சூழ்ந்த ஓர் ஊரில். ஆறு வயதில் தந்தையை இழந்தார். தாயார் முந்திரிக்கொட்டை உடைத்துப் படிக்க வைத்தார். பத்தாம் வகுப்பு முடித்து, பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவருக்கு, கடலூர் நீதிமன்றத்தில் அமீனா வேலை கிடைத்தது. சம்மனையும் நோட்டீசையும் வீடு தேடிப் போய்க் கொடுக்கும் வேலை. அவரைக் கண்டாலே கதவைச் சாத்துவார்கள். நாயை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு.

"நான் எடுத்துட்டுப் போற சேதிதான் கெட்ட சேதி. எடுத்துட்டுப் போற ஆளாவது சிரிச்ச முகமா இருக்க வேணாமா?" என்பார். எந்த வாசலிலும் காகிதத்தை முதலில் நீட்டியதில்லை. வணக்கம் சொல்வார், நலம் கேட்பார், பிறகுதான் பைக்குள் கை போகும்.

2006இல் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. சம்மன் கொண்டுபோன அப்பாவை ஒருவர் வெட்டுக்கத்தியோடு வழிமறித்தார். "வணக்கம் அண்ணே. வெயிலு ஜாஸ்தி, மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடுங்க. வெட்டுறதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றாராம் அப்பா. அந்த மனிதர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அழுதிருக்கிறார். "கேசு போட்டது என் கூடப் பொறந்த தம்பி சார். என்னாண்ட பேசி ரெண்டு வருஷம் ஆவுது." அந்த வழக்கு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கடலூர் வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போனதில்லை.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது, பிழைத்தவர்களைக் கல்யாண மண்டபங்களில் தங்க வைத்திருந்தார்கள். எல்லோரும் அரிசியும் துணியும் கொண்டுபோனார்கள். அப்பா ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து பெயர் கேட்டார். மறுநாள் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

இதெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது என்பதை இந்த மலரில் நான் மறைக்க விரும்பவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினால் அத்தனை பேருக்கும் வணக்கம். கடைக்குப் போனால் வரிசையில் நிற்பவர் வீட்டுக் கதையெல்லாம் கேட்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அப்பா ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு நாள், சிதம்பரத்தில் கண் மருத்துவரிடம் காட்ட, நான் தினமும் வேலைக்குப் போகும் பேருந்தில் அவரை அழைத்துச் சென்றேன். மீன் கூடையோடு ஓர் அம்மா ஏறினார். முகம் சுளித்துப் பலரும் நகர்ந்துகொண்டார்கள். அப்பா எழுந்து, "வாங்கம்மா, இப்பிடிக் குந்துங்க. மீனு நல்லா கெடச்சுதா?" என்று இடம் கொடுத்துவிட்டு, கடைசி வரிசைக்குப் போனார். அங்கேயும் வணக்கம், விசாரிப்பு. முன்னால் என்னோடு உட்கார்ந்திருந்த அலுவலகத் தோழி சிரித்தாள்.

நான் எழுந்து அவரிடம் போனேன். "அப்பா, இன்னிக்கு ஒரு நாளாவது சும்மா வரீங்களா? எல்லாரும் பாக்குறாங்க."

"சரிம்மா" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவ்வளவுதான். அதன்பின் அப்பாவின் குரலை நான் கேட்கவில்லை. சிதம்பரம் பேருந்து நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். மாரடைப்பு என்றும், உயிர் பிரிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றும் மருத்துவமனையில் சொன்னார்கள். வலி வந்தபோது என்னைக் கூப்பிட நினைத்தாரா? நான் சொன்னதற்காகச் சும்மா இருந்துவிட்டாரா? இந்த ஓராண்டில் இந்தக் கேள்வி இல்லாமல் நான் ஒரு நாளும் உறங்கவில்லை. அம்மா, "அவரு ஒம்மேல என்னிக்குக் கோவப்பட்டாரு, அழாத" என்கிறார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

அன்று என் அலறலைக் கேட்டு முதலில் ஓடி வந்தவர் மீன் கூடைக்கார அம்மாதான். ஓட்டுநரோடு சேர்ந்து அப்பாவைத் தூக்கினார். கூடையை அப்படியே நிலையத்தில் விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கூடவே வந்தார். கடலூரிலிருந்து மாமா வந்து சேரும் வரை என் கையை அவர் விடவில்லை. "என்னையும் ஒரு மனுஷியா மதிச்சு எழுந்து எடம் குடுத்தாரு தாயி. அந்த மகராசன தனியா உட்டுட்டு நான் எப்பிடிப் போவேன்?" என்றார். அழுகையில் அவர் பெயரைக் கேட்கவில்லை.

செய்தி கேட்டு ஓடி வந்த உறவினர்களுக்கும், அப்பாவோடு பணிபுரிந்த நீதிமன்ற ஊழியர்களுக்கும், காரியம் முடியும் வரை சமைத்துப் போட்ட தெருக்காரர்களுக்கும், எங்கிருந்தோ வந்து, "உங்கப்பா எனக்கு வணக்கம் சொல்வாரும்மா" என்று மட்டும் சொல்லி அழுதுவிட்டுப் போன எத்தனையோ பேருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த அம்மாவைத் தேடி, போன வாரமும் பேருந்து நிலையத்துக்கும் மீன் அங்காடிக்கும் போனேன். முன்பின் தெரியாதவர்களிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன். பிறகு ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. தாயே, இந்த மலர் எப்படியாவது உங்கள் கைக்கு வந்து, யாரேனும் இதைப் படித்துச் சொன்னால், ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். உங்கள் பெயர் என்ன என்று நான் கேட்க வேண்டும்.